கோடித் துணியில் கட்டிய அறைகள்

மணலூர்பேட்டைக் கடைத்தெருவில் சர்புதீனின் துணிக்கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. இருந்த பலகை அவருடைய தந்தை காலத்திலேயே விழுந்துவிட்டது. அதைத் திரும்ப மாட்டவேண்டிய தேவை எவருக்கும் ஏற்படவில்லை. வேட்டி, துண்டு, லுங்கி, பள்ளிச் சீருடைத் துணி, கல்யாணப் புடவை என்று எல்லாம் அங்கே கிடைக்கும். இவற்றோடு, அந்தத் தெருவில் வேறு எந்தக் கடையும் கையிருப்பில் வைத்திராத ஒன்றும் கிடைக்கும். அது இறந்தவர்களுக்கான வெள்ளைத் துணி. முஸ்லிம்கள் அதைக் கஃபன் என்பார்கள். மற்றவர்கள் கோடி என்பார்கள். இரண்டும் ஒரே பீஸிலிருந்துதான் கிழிக்கப்படும். அகலமான பருத்தித் துணி. ஓரத்தில் மெல்லிய நீலக்கோடு ஓடும்.

அந்தத் துணிக்கு லாபம் வைக்கக் கூடாது, கடை பூட்டியிருந்தாலும் வீட்டுக் கதவைத் தட்டி வாங்கிக்கொள்ள விடவேண்டும் என்பவை தந்தை விட்டுச்சென்ற விதிகள். ஐம்பத்து மூன்று வயதுவரை சர்புதீன் அவற்றை மீறியதில்லை. ஊரில் அவருக்கு இருந்த மதிப்பில் பாதி இந்த வெள்ளைத் துணியால் வந்தது என்று சொன்னால் தவறாகாது. அந்த மதிப்பை அவர் மிகவும் கவனமாகப் பாதுகாத்தார். செருப்பின் வார் அறுந்தால் தைத்த பிறகுதான் தெருவில் இறங்குவார். ரேஷன் கடை வரிசையில் அவரை ஒருவரும் கண்டதில்லை. அவருடைய மனைவி முஹ்சினா போய்வருவார்.

இரண்டாண்டுகளுக்கு முந்திய கார்த்திகை மாதத்தில், புயல் கரையைக் கடந்த மறுநாள் விடியற்காலையில், பெண்ணையாறு ஊருக்குள் வந்தது. கடைக்குப் பின்னால் இருந்த அவர்களுடைய வீட்டின் பின்சுவர் சரிந்தது. கடைக்குள் கழுத்தளவு நீர் நின்றது. அலமாரிகளில் இருந்தவை எல்லாம் சேறாயின. மூன்றாம் நாள் நீர் வடிந்தபோது, சர்புதீனும் முஹ்சினாவும் ஊருக்கு வெளியே மேட்டில் இருந்த ஒரு திருமண மண்டபத்தில் இருந்தார்கள். அவர்களோடு இன்னும் முப்பது குடும்பங்கள் இருந்தன. பெரும்பாலானவர்கள் ஆற்றோரத்தில் குடிசை போட்டிருந்த கூலித் தொழிலாளர்கள்.

வெள்ளத்துக்கு முந்திய வாரம் அந்த மண்டபத்தில் ஒரு கல்யாணம் நடந்திருந்தது. மேடைக்குப் பின்சுவரில் வெற்றிவேல், தேவதர்ஷினி என்ற பெயர்கள் தெர்மாகோல் எழுத்துகளில் இன்னும் ஒட்டியிருந்தன. அந்த மேடையில் கைக்குழந்தைக்காரிகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் இடம் ஒதுக்கினார்கள். கீழே கூடத்தில் மற்றவர்கள். காவலாளி வீரமணிக்கு வாய் சும்மா இருக்காது. மேடையில் ஏறி உட்கார்ந்த பெண்களைப் பார்த்து, “இன்னாம்மா, எல்லாருக்கும் மறுகல்யாணமா? மாப்ளைங்களத்தான் காணோம்” என்றான்.

“உங்க அக்காவ இட்டாந்து உக்கார வை. நாங்க எறங்கிக்கிறோம்” என்று பதில் சொன்னவள் குஞ்சம்மாள்.

குஞ்சம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். கரும்பு வெட்டும் கூட்டத்தில் முன்னால் நிற்பவள். அவளுடைய கணவன் இருசப்பன் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கும் வேலைக்காகக் கல்வராயன் மலைக்குப் போயிருந்தான். மலைப்பாதை உடைந்ததால் திரும்ப முடியவில்லை. மகள் இசைவாணி தலைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். தாய்வீடு ஆற்றோடு போய்விட்டது. ஒன்பதாம் மாத வயிற்றோடு அவள் மண்டப மேடையில் உட்கார்ந்திருந்தாள்.

கூரை இருந்தது, சோறு கிடைத்தது. சுவர்தான் இல்லை. ஐம்பது பெண்கள் நாள் முழுவதும் எல்லார் கண்ணிலும் பட்டபடி இருக்கவேண்டியிருந்தது. முஹ்சினா ஒரு தூணுக்கு அப்பால் ஒடுங்கி நின்று தொழுதார். இதைக் கண்ட குஞ்சம்மாள் அன்று காலை சர்புதீனிடம் வந்தாள்.

“பாய், உங்க கடைப் பரண்மேல துணி நெனையாம கீதாமே. ஆளுக்கு ஒரு மறப்பு கட்டிக்கிற மாதிரி எதுனா குடுங்க. இந்தப் பொண்ணு ஒரு ரவிக்கை மாத்தணும்னா நாலு பொம்பளைங்க வட்டம் கட்டிக்கினு நிக்க வேண்டியதா கீது.”

“பார்த்துட்டு வரேம்மா” என்றார் சர்புதீன்.

பரணில் மூன்று மூட்டைகள் நனையாமல் இருந்தன. இரண்டில் தை மாத முகூர்த்தத்துக்காக எடுத்துவைத்த புடவைகள். பட்டும், பூப்போட்ட பூனமும். மூன்றாவது, வெள்ளைத் துணி. ஏணியில் நின்றபடி அவர் வெகுநேரம் யோசித்தார். புடவைகளைக் கொடுத்தால் அவற்றில் ஆணி அறைவார்கள், கயிறு கட்டுவார்கள்; திரும்ப வந்தாலும் விற்க முடியாது. கடை மீண்டும் எழவேண்டுமென்றால் அந்த இரண்டு மூட்டைகளைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. இப்படி நினைத்ததில் குற்றம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். இதை அப்படியே குஞ்சம்மாளிடம் சொல்லியிருந்தால் அவளும் ஒத்துக்கொண்டிருப்பாள். சர்புதீன் சொல்லவில்லை. தெருவில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு லோடு ஆட்டோவை நிறுத்தி, புடவை மூட்டைகளை ஏற்றி, மேலே தார்ப்பாயை இழுத்து மூடி, சங்கராபுரத்தில் இருந்த மைத்துனர் வீட்டுக்கு அனுப்பினார். பிறகு வெள்ளை மூட்டையைத் தோளில் சுமந்து மண்டபத்துக்கு வந்தார்.

“எல்லாம் போயிடுச்சு. இது ஒண்ணுதான் மிஞ்சிச்சு” என்றார். மற்றவை என்னவாயின என்று அவரை எவரும் கேட்டிருக்கவில்லை.

துணியைக் கிழிக்குமுன் அவர் இன்னொரு காரியம் செய்தார். நீலக்கோடு ஓடிய ஓரத்தை இரண்டு விரல் அகலத்துக்குத் தனியே கிழித்து எடுத்தார். “ஓரம் இருந்தா நூல் பிரியும்” என்று காரணமும் சொன்னார். முப்பது ஆண்டுகளாகத் துணி விற்பவர் சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? ஓரம் இருந்தால்தான் நூல் பிரியாது என்பது அங்கிருந்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. குஞ்சம்மாள் மட்டும் குனிந்து அந்த நீள நீளமான கீற்றுகளைப் பொறுக்கி மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள்.

“நல்ல நாடா பாய் இது. முடிச்சுப் போட ஆவும்.”

அந்த நாடாக்களைக் கொண்டே துணிகளைக் கட்டினார்கள். மறைக்க நினைத்த நீலக்கோடு, தூணுக்குத் தூண், முடிச்சுக்கு முடிச்சு, சர்புதீனின் கண்ணெதிரில் தொங்கிற்று. ஒவ்வொரு குடும்பத்துக்கும் கூடத்தின் சுவர் ஒரு பக்கம். துணி மூன்று பக்கம். மாலைக்குள் முப்பத்தொரு வெள்ளை அறைகள் எழுந்தன. தன் அறையைக் கட்டியதும் குஞ்சம்மாள் ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து, துணியின் நான்கு முனைகளையும் அதில் தோய்த்தாள். பிறகு கிண்ணத்தை அறை அறையாகக் கொண்டுபோய் எல்லாத் துணிகளிலும் தோய்த்தாள். சர்புதீனின் அறைக்கு முன்னால் தயங்கி, “புதுத் துணியாச்சே. உங்களுக்கும் வெக்கட்டுமா, வேணாமா?” என்று கேட்டாள்.

“எங்களுக்கு வேணாம்மா” என்றார் அவர்.

மறுநாள் வைகறைத் தொழுகைக்கு எழுந்த முஹ்சினா, தொழுதுமுடித்த பின்பும் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, இது அந்தத் துணிதானே?”

“துணியில என்ன அந்தத் துணி, இந்தத் துணி?”

“பொடவை மூட்டை ரெண்டு இருந்துச்சே. அது எங்க?”

சர்புதீன் தொப்பியை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“சங்கராபுரத்துல என் தம்பிக்குத்தான் நேத்து போன் பண்ணினீங்க. என்கிட்ட கூடச் சொல்லல” என்றார் முஹ்சினா. “இந்தப் பொம்பளைங்ககிட்டயாவது சொல்லிடுங்க. வயித்துப்புள்ளைக்காரி இதுக்குள்ள படுத்திருக்கா.”

“என்னன்னு சொல்றது?”

அன்றிலிருந்து சர்புதீன் தம் அறைக்குள் அதிகம் தங்கவில்லை. காலையில் கடைக்குப் போய்ச் சேறு வாருவார். பொழுது சாயும்போது திரும்பி, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்.

அவர் வெளியில் இருந்த நேரத்தில் அறைகள் வீடுகளாயின. நிவாரணப் பொருள்களோடு பிள்ளைகளுக்குக் கிரேயான் பெட்டிகள் வந்திருந்தன. முதலில் ஒரு பெண்பிள்ளை துணியில் சன்னல் வரைந்தாள். சன்னலுக்குக் கம்பிகள் போட்டாள். அதைப் பார்த்து அடுத்த அறையில் டிவி வரைந்தார்கள். இன்னொருவர் வீட்டில் மின்விசிறி வந்தது, எருமை வந்தது. அறைகள் கட்டிய ஐந்தாம் நாள் இருசப்பன் மலையிலிருந்து வந்து சேர்ந்தான். பாதி வழி நடந்தும், பாதி வழி யாரோ ஒருவருடைய டிராக்டரிலும் வந்தவன், தோளில் ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கை விடாமல் சுமந்துவந்தான். அன்று மண்டபம் முழுவதும் வேகவைத்த கிழங்கு. தின்று முடித்தபின் அவன் அடுப்புக் கரியை எடுத்து, தன் அறையின் முன்துணியில் நெடுநேரம் நின்று ஒரு கதவு வரைந்தான். நிலை, கீல், நாதாங்கி, பூட்டு ஒன்றும் விடாமல் வரைந்தான்.

“எங்க வூட்ல படல்தான். இப்பதான் கதவு போட்டிருக்கேன்” என்றான்.

“சாவி எங்கய்யா?” என்றான் வீரமணி.

“பொண்டாட்டிகிட்ட கீது. வேற யாருகிட்ட இருக்கும்?”

அதன்பிறகு எல்லா அறைகளுக்கும் அவனே கதவு வரைந்து கொடுத்தான். ஒரு வீட்டுக்கு மின்சார மீட்டர் பெட்டிகூட வரைந்தான். கதவு வரைந்த வீட்டுக்குள் கூப்பிடாமல் நுழையக் கூடாது என்று பெண்கள் சட்டம் போட்டார்கள். வாசலாகக் கருதப்பட்ட இடத்தில் காலையில் ஈரத்துணியால் தரையைத் துடைத்து, சுண்ணாம்புக் கட்டியால் சிறு கோலமும் போட்டார்கள். சர்புதீனின் அறை மட்டும் வெறும் வெள்ளையாகவே நின்றது. வெள்ளிக்கிழமை அந்தத் துணிகளைத் துவைத்துக் காயவைத்து, முஹ்சினா மீண்டும் கட்டினார்.

வாசலில் உட்கார்ந்திருந்த சர்புதீனிடம், போகிறவர் வருகிறவரெல்லாம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். “பாய் மட்டும் இல்லன்னா இத்தன பொம்பளைங்க இன்னா பண்ணியிருப்பாங்க” என்பார் ஒருவர். வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய படத்தைப் போட்டு, தன் கடை மூழ்கியும் பிறர் மானம் காத்தவர் என்று எழுதியிருந்தார்கள். முஹ்சினா கைப்பேசியை அவரிடம் நீட்டி, அவர் படித்து முடிக்கும்வரை காத்திருந்து, வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

ஒன்பதாம் நாள் இசைவாணிக்கு அரசு மருத்துவமனையில் பெண்குழந்தை பிறந்தது. இரண்டு நாள் கழித்துத் தாயையும் சேயையும் அழைத்துவந்தார்கள். தூளி கட்டவேண்டும். மீந்திருந்த ஒரு துண்டு வெள்ளைத் துணி ஒரு மூலையில் மடித்துவைக்கப்பட்டிருந்தது. வீரமணி அதை எடுத்துக் குஞ்சம்மாளிடம் நீட்டியதைச் சர்புதீன் வாசலிலிருந்து கண்டார். அவர் எழுந்தார். கால்கள் தாமாக அவரை உள்ளே கொண்டுவந்தன.

“அது வேணாம்மா. கொழந்தைக்குச் சொரசொரன்னு இருக்கும்.”

குஞ்சம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “இத எங்க கட்டப் போறேன் பாய். என் பழைய பொடவ ஒண்ணு தப்பிச்சிக் கீது. அதுதான் மெத்துனு இருக்கும்” என்றாள். வீரமணி நீட்டிய துணியை வாங்கி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

தப்பித்தோம் என்று சர்புதீன் நினைத்தார். அப்படி நினைத்ததற்காக, நாற்காலிக்குத் திரும்பியபின், தம்மையே வெறுத்தார்.

அடுத்த நாள் கார்த்திகை தீபம். துணி அறைகளுக்குள் விளக்கு வைக்கக் கூடாது என்று வீரமணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், எல்லா வீட்டு விளக்குகளையும் மண்டபத்தின் முன்படிகளில் வரிசையாக வைத்தார்கள்.

தீபத்தின் மறுநாள் காலையில் சுபுஹான் மோட்டார்சைக்கிளில் வந்தான். அவன் அப்துல் ஜலீலின் மகன். அப்துல் ஜலீல் கடிகாரம் பழுதுபார்ப்பவர். கண்பார்வை மங்கியபின் தொழிலை விட்டுவிட்டு, நாள்தோறும் சர்புதீனின் கடையில் உட்கார்ந்து, நாளிதழைப் பிறர் படிக்கக் கேட்பவர். பெண்கள் இருக்கும் இடமென்று சுபுஹான் உள்ளே வராமல், வெளிக்கேட்டின் அருகே நின்று சர்புதீனை அழைத்தான். கேட்டை ஒட்டிய குழாயில் குஞ்சம்மாள் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நான்கைந்து பெண்கள் நின்றார்கள்.

“மாமு, அத்தா மௌத்தாயிட்டார்” என்றான் சுபுஹான். “சுபுஹு தொழுதப்புறம்தான். மத்தியானம் ளுஹருக்கே அடக்கம்னு பேசியிருக்கு. கஃபன் துணி எடுத்துக் குடுங்க.”

சர்புதீன் இறைவனிடமே மீள்கிறோம் என்ற வசனத்தைச் சொன்னார். துணி இருக்கிறது என்றால், எங்கே என்று கேட்பான். உள்ளே தொங்குகிறது என்றால், அந்தப் பெண்கள் கேட்பார்கள்.

“வெள்ளத்துல போயிடுச்சு, சுபுஹான்.”

“பரண்மேலல்ல வச்சிருப்பீங்க?”

“பரண் வரைக்கும் தண்ணி.”

சுபுஹான் அதை அப்படியே நம்பினான். அது மட்டுமன்றி, வெட்கப்பட்டவனைப்போல் தலையைக் குனிந்துகொண்டான். “உங்களுக்கே இவ்ளோ கஷ்டம். நான் வந்து கேட்டுட்டேன். மனசுல வச்சிக்காதீங்க மாமு. கள்ளக்குறிச்சி போயி வாங்கியாந்துடறேன். ரோடு சரியில்ல, கொஞ்சம் லேட்டாவும். அதான்.”

வண்டி கிளம்பிப் போயிற்று. குஞ்சம்மாள் குழாயை மூடினாள். மற்றப் பெண்களை உள்ளே போகச் சொல்லிவிட்டுச் சர்புதீனிடம் வந்தாள்.

“இன்னா பாய் இது. அப்பன் செத்துக் கெடக்கச் சொல்ல அந்தப் புள்ளைய கள்ளக்குறிச்சிக்குத் தொரத்தி வுட்டுட்டீங்க.”

அவர் அவளை நோக்காமல், “துணி இல்லம்மா” என்றார்.

“யாருகிட்ட சொல்றீங்க? எங்க மாமியாருக்கு உங்க கடையிலதான் கோடி எடுத்தேன். எங்க பெரியவனுக்கும் உங்க கடைதான். ரெண்டு தபாவும் உங்க கையாலதான் கிழிச்சிக் குடுத்தீங்க. அந்தப் புள்ள பொணத்து மேல அந்த நீலக்கோட்டப் பார்த்துக்கினே ஒரு நாள் பூரா உக்காந்திருந்தவ பாய் நானு. எனக்குத் தெரியாதா?”

சர்புதீன் அவள் பக்கம் திரும்பினார். “எப்பத் தெரியும்?”

“நீங்க தோள்ல தூக்கிக்கினு வரச் சொல்லவே தெரியும். எல்லாருக்கும் தெரியும். ஓரத்தக் கிழிச்சீங்களே, அப்பதான் எங்களுக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சி. அதான் மஞ்சத் தோய்ச்சேன். மனசு கேக்கல.”

“அன்னிக்கே கேட்டிருக்கலாமே.”

“கேட்டிருந்தா மூஞ்சிய எங்க வச்சிக்கினு இருப்பீங்க? உங்களுக்கும் வூடு இல்ல, எங்களுக்கும் வூடு இல்ல. ஒரே கூரைக்குக் கீழ கெடக்கணும். பொண்ணுக்கு மறப்பு வேணும். சாவுத் துணியா இருந்தா இன்னா, கல்யாணத் துணியா இருந்தா இன்னான்னு கட்டிக்கினோம்.” குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: “கல்யாணத் துணி சங்கராபுரம் போனதும் தெரியும். லோடு ஆட்டோ ஓட்டறானே கலையரசன், எங்க அண்ணன் மவன். தார்ப்பாய் போட்டு மூட வேற சொன்னீங்களாம்.”

பன்னிரண்டு நாள்களாக அவர் அஞ்சியது, இவர்கள் அறிந்துகொண்டால் என்னாகும் என்பதைத்தான். அறிந்துகொண்டே இவர்கள் தமக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்கள், தேநீர் கொடுத்தார்கள், தமக்கு முன்னால் அந்தத் துணியைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் காத்தார்கள் என்பது அதுவரை அவருக்குத் தோன்றவே இல்லை. வெறும் கூலிக்காரர்கள், இவர்களுக்கு என்ன தெரியப் போகிறது என்ற எண்ணம் தமக்குள் இருந்ததை அவர் அப்போதுதான் கண்டார். தரை பிளந்து உள்ளே வாங்கிக்கொண்டால் நல்லது என்று தோன்றியது.

“போன் போடுங்க. போயிக்கினே இருக்கான் பாருங்க அந்தப் புள்ள” என்றாள் குஞ்சம்மாள்.

அவர் கைப்பேசியை எடுத்தார். மூன்றாவது முயற்சியில் சுபுஹானின் குரல் கேட்டது. பகண்டை கூட்ரோடு வந்துவிட்டதாகச் சொன்னான்.

“திரும்பி வா. துணி இருக்கு.”

“போயிடுச்சுன்னீங்களே மாமு?”

குஞ்சம்மாள் அருகிலேயே நின்றாள். “பொய் சொன்னேன்” என்றார் சர்புதீன்.

எதிர்முனையில் காற்றின் ஓசை மட்டும் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது.

அவர் உள்ளே போனபோது, முஹ்சினா ஏற்கெனவே தம் அறையின் முடிச்சுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மண்டபத்தில் செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? இசைவாணி தன் அறைத் துணியைக் காட்டி, “இதுல ஒரு பக்கம் வரையாம கீதுக்கா, எடுத்துக்கங்க” என்றாள்.

“நீ பச்ச ஒடம்புக்காரி, அப்படியே இரு. மிச்சத் துண்டு பத்தாது, எங்களோடதுதான் துவைச்சுச் சுத்தமா இருக்கு. மூணு துண்டு போதும்” என்றார் முஹ்சினா.

மூன்று பக்கச் சுவரும் மூன்று துண்டுகளாக மடிக்கப்பட்டன. சுபுஹான் வந்தபோது சர்புதீன் அவற்றை இரு கைகளிலும் ஏந்தி, கேட்டுக்கு வெளியே போய் நின்றார்.

“வெள்ளத்துல போகல. இங்க அறை கட்டக் குடுத்திருந்தேன். எதைக் குடுத்தேன்னு இவங்ககிட்ட சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு உன்கிட்ட பொய் சொன்னேன். பன்னெண்டு நாள் கட்டியிருந்த துணி இது. வெள்ளிக்கிழமை துவைச்சது.”

சுபுஹான் துணியை வாங்கினான். விரல்களால் ஒரு முறை தடவிப் பார்த்தான். “துவைச்ச துணி ஆவும்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லுவாரு” என்றான். பிறகு, “நேரமாச்சி” என்று சொல்லி வண்டியைத் திருப்பினான். மாமு என்ற சொல் அவன் வாயில் வரவில்லை.

அடக்கத்துக்குச் சர்புதீன் போனார். கடைசி வரிசையில் நின்று தொழுதார். உடலை வைத்த சந்தூக்குக்கு ஊரே முறைபோட்டுத் தோள் கொடுத்தது. ஆண்டுக்கணக்கில் தம் கடையில் உட்கார்ந்திருந்த மனிதரைச் சுமக்கத் தமக்கும் உரிமை உண்டு என்று நினைத்து இரண்டு முறை முன்னால் போனார். இரண்டு முறையும் சுபுஹானின் முகத்தைக் கண்டு பின்வாங்கினார். சுபுஹான் அவரை அழைக்கவில்லை.

பள்ளிவாசலிலிருந்து மைத்துனருக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு மண்டபத்துக்குத் திரும்பினார். முப்பது துணி வீடுகளுக்கு நடுவே அவர்களுடைய இடம் மட்டும் வெட்டவெளியாக இருந்தது. ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு தட்டு, கொடியில் அவருடைய உள்பனியன். முஹ்சினா சுவரைப் பார்த்தபடி, முந்தானையை இழுத்துப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். சர்புதீன் பாயில் அமர்ந்தார். அந்தப் பக்கமாகப் போனவர்கள் எல்லாரும், அங்கே சுவர் இருப்பதைப்போலவே, கண்களைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள். ஒரு குழந்தை ஓடிவந்து, துணி இருந்த எல்லையில் நின்று, “உள்ள வரலாமா?” என்று கேட்டது.

பிற்பகலில் கலையரசனின் லோடு ஆட்டோ வந்தது. இரண்டு மூட்டைகளையும் சர்புதீன் தாமே சுமந்துவந்து கூடத்தின் நடுவில் அவிழ்த்தார். பட்டும் பூனமும் தரையில் சரிந்தன.

“இது ரெண்டும் அன்னிக்கே என்கிட்ட இருந்துச்சு. மறைச்சிட்டேன். அந்த வெள்ளையக் கழட்டிப் போட்டுட்டு இதைக் கட்டிக்குங்க. திருப்பித் தர வேணாம்.”

பெண்கள் வந்து நின்றார்கள். குஞ்சம்மாள் குனிந்து, ஒரு புடவையின் தலைப்பை எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்தாள். இரண்டு முனைகளைச் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டாள். முடிச்சு மெல்ல அவிழ்ந்துகொண்டது.

“வழுக்குது பாய். இது நிக்காது.”

“நின்னாலும் எங்க சன்னல் போயிடுமே” என்றாள் இசைவாணி, மேடையிலிருந்தபடி.

“வூட்ட மாத்துனா நான்தான் மறுபடி முப்பது கதவு வரையணும். கரி தீந்துபோச்சி” என்றான் இருசப்பன்.

சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பகை இல்லை. குஞ்சம்மாள் புடவையை மடிப்புக் கலையாமல் மடித்து, மூட்டையின் மேல் வைத்தாள்.

“மொத நாள் குடுத்திருந்தா வாங்கியிருப்போம். இல்ல, குடுக்க முடியாது, கடைக்கு வேணும்னு சொல்லியிருந்தாலும் சரின்னிருப்போம். இப்ப புள்ளைங்க அதுல ஃபேன் மாட்டி, டிவி வச்சி வூடாக்கிடுச்சிங்க. அதுவே இருக்கட்டும். இத தை மாசத்துக்கு வச்சிக்கங்க. உங்களுக்கும் கடைய எழுப்பணும் இல்ல?”

அவர்கள் கலைந்து போனார்கள். சர்புதீன் மூட்டைகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஏசியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்பார், அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார்.

“எனக்கு மக்ரிபு தொழுகைக்கு முந்தி ஒரு மறைப்பு வேணுங்க” என்றார் முஹ்சினா, சுவரைப் பார்த்தபடியே.

மீந்த துண்டு ஒரு பக்கத்துக்கும் பத்தாது; வேறு துணி இல்லை. அவர் மூன்று பட்டுப் புடவைகளை எடுத்தார். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து நிறம். ஒவ்வொன்றையும் விரித்து, தூணுக்குத் தூண் கட்டினார். பொங்கலுக்குச் சில நாள் முன்பு வீட்டின் பின்சுவர் எழும்பும்வரை அவர்கள் அதற்குள்தான் இருந்தார்கள். மண்டபத்தில் பட்டுச் சுவர் கொண்ட வீடு அது ஒன்றுதான். விளக்குகளைப் போட்டதும் சரிகை மின்னும். வெளியாள் எவர் வந்தாலும், இது யாருடையது என்றுதான் முதலில் கேட்பார்கள். முடிச்சு நிற்காது. புடவை நழுவித் தரையில் விழும். சர்புதீன் ஒவ்வொரு முறையும் எழுந்துபோய், அதைத் தூக்கி, எல்லார் கண்ணெதிரிலும் திரும்பக் கட்டுவார்.